கட்டிலை முறித்த விதி

அன்புள்ள அக்காவுக்கு உன் தம்பி கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

எங்கள் சலவை ஆலையில் ஒரு பெரிய சங்கதி. ஆலை விடுதியில் தங்கியிருப்பவர்கள் மனசு நலமாக இருக்க, ஒவ்வொரு அறையும் கூடிப் பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிகளை எழுதி ஒட்டச் சொன்னார் மேலாளர். எங்கள் அறையில் எட்டுப் பேர். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை போனவன் என்பதால் தலைமை எனக்குத்தான்.

முதல் விதி: அழுகிறவனிடம் காரணம் கேட்காதே, டீ கொடு. இரண்டாவது என் மூளையில் உதித்தது: லீவு நாளில் எவனாவது சுவரைப் பார்த்துப் படுத்தால், மற்ற ஏழு பேரும் அவன் கட்டிலில் போய் உட்கார வேண்டும். மேலாளர் அசந்துபோய், உலகத்துக்கே இதை அனுப்பலாம் என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்.

ஊரில் நான் இல்லாமலே என் பாப்பாவுக்கு மாப்பிள்ளை உறுதியான அதே ஞாயிறு, முதலில் சிக்கியவன் நானேதான். சும்மா பல்வலி, வேறொன்றுமில்லை.

"மாமா, சட்டம் போட்டதே நீங்கதானே? நகருங்க!" என்று இஸ்திரிக்காரன் ஏறினான். பின்னாலேயே ஆறு பேர். கட்டில் கால் மடாரென்று முறிந்து எல்லோரும் தரையில் கிடந்தோம். சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. உடனே டீ வந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது தரையில்தான் ராஜா மாதிரி படுக்கிறேன். விரித்துக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு அக்கா, துவைத்த துணி இங்கே மலையாகக் கிடக்கிறது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் தம்பி,
அறைத் தலைவர்