சிவப்பில் காட்டியது

செவ்வாய், இரவு.

கீழ்வீட்டுச் செல்வி அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் கேஸ் கசிகிறது, யாரும் ஷிப்டுக்கு வராதீர்கள் என்று கான்ட்ராக்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு செய்தி வந்தது. என்னிடம் போனை நீட்டினார்.

"உன் மிஷின்ல போட்டுப் பாருப்பா. மெய்யா பொய்யான்னு தெரிஞ்சுக்கினு போறேன்."

செய்தி மெய்யா என்று சரிபார்க்க நான் உருவாக்கிவரும் பிரவுசர் கருவியில் போட்டேன். எந்தச் செய்தித் தளத்திலும் இல்லை. ஆதாரம் கிடைக்காவிட்டால் பொய் என்று சிவப்பில் காட்டும்படி அதை எழுதியவன் நான்தான். கான்ட்ராக்ட் ஆட்களின் சங்கதியை எந்தத் தளம் உடனே போடும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

"பொய்தான்க்கா" என்றேன்.

"அப்போ வேன் ஏறிடறேன். லீவு போட்டா சூப்பர்வைசர் பேஜாரு பண்ணுவான்."

மதியத்துக்குள் அக்காவின் உற்பத்தி லைனில் நின்ற பெண்கள் எல்லோரும் கண் எரிந்து ஆஸ்பத்திரியில். சாயங்காலம் கம்பெனி மறுப்பு வெளியிட்டது, கசிவே நடக்கவில்லையாம். எல்லாத் தளங்களும் அதை அப்படியே போட்டன.

அக்கா என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "இப்போ இன்னா காட்டுது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன். அதே சிவப்பு. காலையில் இல்லாத ஆதாரமாக, இப்போது அந்த மறுப்புச் செய்திகள் கீழே வரிசையாக நிற்கின்றன.