படுத்தாச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் கவனித்தது ஒரு வார்த்தையைத்தான். காதில் ஹெட்போனோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். முன்பின் கேட்டிராத ஒரு குரல், “சாயங்காலம் படுத்தாச்சு, அதுக்கப்புறம் யாரும் சத்தம் போடல” என்று சொன்னது. பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் கை நின்றுவிட்டது.

சிறு வயதில் நான் தூங்கியதும் நீங்கள் அம்மாவிடம் அப்படித்தான் சொல்வீர்களாம். பழுது பார்த்த கேபிளை மறுபடி கடலுக்கு அடியில் இறக்கி முடித்தாலும் அதையே சொல்வீர்கள். உங்கள் கப்பலில் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது என்று போன தடவை வந்தபோது சொன்னீர்கள். வேறு எந்தக் கப்பலில் அப்படிச் சொல்லப்போகிறார்கள்?

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாடிக்குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆள் வந்தார். பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். சமையலறையில் வாளி இன்னும் இருக்கிறது.

அலுவலகத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னதில்லை. கடலடிக் கேபிள் அறுந்தால் எந்தக் கப்பல் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சுத்தமாகச் சரிசெய்கிறது என்று ஒப்பிட்டு அளப்பதுதான் இங்கே வேலை. கப்பல்காரர்களும் சரி, கேபிள்காரர்களும் சரி, இதில் தலையிட முடியாது. கப்பலில் இருப்பவர்கள் பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். பெயர் வரும் இடத்தையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நிறத்தைப் பெயராக வைத்துத்தான் எங்களிடம் வரும். அளப்பவருக்கே எது யாருடைய கப்பல் என்று தெரியாது. நான் சேர்ந்தபோது உங்கள் கப்பல் இந்த அளவீட்டில் கிடையாது; பிறகு சேர்ந்ததை நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டவளுக்கு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதும் வேலை சௌகரியமாகத்தான் இருந்தது.

நான் தட்டச்சு செய்து கொடுத்ததை எங்கள் பிரிவை நடத்தும் மேடம் சத்தமாகப் படித்தார். அந்த இடம் வந்ததும், “யாரு படுத்தாங்க? கேபிளா, கப்பல்காரங்களா?” என்றார். அறையே சிரித்தது. கணக்குப் பார்க்கும் அண்ணன், “தொட்டில்ல போட்டு ஆட்டியிருப்பாங்க மேடம்” என்றார்.

பிறகு மேடம் சிரிக்காமல் யோசித்தார். பழுது முடிந்த நேரம் என்று எதை எடுப்பது? அறுந்த இடத்தை மூட்டி, கேபிளுக்குள் ஒளி மறுபடி ஓடிய நேரத்தையா, இந்தப் ‘படுத்தாச்சு’ நேரத்தையா? நடுவில் கடல் கொந்தளித்துக் கப்பல் காத்துக்கிடந்திருக்கிறது. எப்போது முடித்தோம் என்பதற்கு அந்தக் கப்பல் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அண்ணன், “கடைசியா என்ன சொன்னாங்களோ அதையே போடுவோம். மெதுவான கப்பல்னு வந்தா வந்துட்டுப் போகுது, நமக்கென்ன” என்றார்.

நீங்கள் போனில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. “கடைசில வந்தோம்னா நம்ம கப்பலக் கரையில கட்டிப் போட்டுருவாங்கம்மா. அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. எத்தனாவது இடத்துல இருக்கோம்னு மட்டும் பாத்துச் சொல்லு.” நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீங்களும், “வாயில்லாப்பூச்சி, தலையையா ஆட்டுற? போன்ல தெரியாது” என்று சிரித்தீர்கள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்: கேபிளைக் கீழே இறக்கியதைத்தான் அது சொல்கிறது, பழுது அதற்கு முன்பே சரியாகிவிட்டது. சொன்னால் உங்களுக்காகச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அண்ணன் சொன்னபடி நடந்துவிடும்.

எழுந்து நின்றேன். பேசப்போகிறேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, மேடம் “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்றார். “அது எங்க அப்பா பேசுற வார்த்தை மேடம். அர்த்தம் எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்லக் கூடாது. கப்பல்லயே கேட்டுடுங்க. அந்தக் கப்பல் குரலை இனிமே எனக்குத் தராதீங்க” என்றேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாகத்தான் வந்தன. ஆனாலும் புரிந்துகொண்டார்கள்.

மேடம் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. எதை முடிவு என்கிறீர்கள் என்று எல்லாக் கப்பலுக்கும் ஒரே கேள்வி அனுப்பச் சொன்னார். நான் தட்டச்சு செய்ததையெல்லாம் இன்னொருவர் முதலிலிருந்து கேட்டு எழுத வேண்டும். அது அண்ணன் தலையில் விழுந்தது. “இத்தனை நாள் வாயத் தெறக்கல, தெறந்ததும் என் தலையிலயே இடியப் போட்டுட்டியே தாயே” என்றார். என்னை வாசல் பக்கத்து மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போது வேறொரு வேலையின் பதிவுகளைத் தட்டுகிறேன். அதில் கப்பலே கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். “பெத்த அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்றதுல உனக்கு என்னடி கொறைஞ்சு போச்சு” என்று கேட்டுவிட்டு, நிரம்பிய வாளியை எடுத்துக் கொட்டப் போனாள். இரவு எனக்குத் தட்டில் போட்டாள்.

அப்பா, நீங்கள் கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. உங்கள் கப்பலின் நிறம் என்ன என்றும் எழுத மாட்டேன். இனிமேல் அதை என்னிடம் கேட்காதீர்கள். மற்றது எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். கரையில் கட்டிப் போட்டாலும் சரி, கடலிலேயே இருந்தாலும் சரி, கையை வெட்டிக்கொள்ளாமல், ஈரத்தில் நிற்காமல், நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
வாயில்லாப்பூச்சி

பின்குறிப்பு: அளவீட்டைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லிவிடவில்லை என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று, உறையை ஒட்டாமல் மேடத்திடம் கொடுத்தேன். “உங்க அப்பாவுக்கு எழுதினத நான் எதுக்கும்மா படிக்கணும்” என்று திருப்பித் தந்துவிட்டார். மறுபடியும் அவரிடமே எடுத்துக்கொண்டு போகிறேன்.