தொண்டையில் நின்ற எழுத்து

மார்ச் 4
வேதாகம மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புது வேலை: மத்தேயுவின் வம்ச வரலாற்றில் வரும் எபிரெயப் பெயர்கள் கிரேக்கத்துக்குப் போய் என்ன ஆயின என்று அடிக்குறிப்பு எழுத வேண்டும். கிரேக்கத்தில் ‘ஷ’ கிடையாது. மெனாஷே, மனாசேஸ் ஆகிவிட்டார்; வாலில் ஒரு ‘ஸ்’ இலவசம். ரெகொபெயாமின் தொண்டை எழுத்தை அப்படியே விழுங்கி ‘ரொபோவாம்’ என்றார்கள். வாயில் நுழையாவிட்டால் என்ன செய்வது?

நானும் அதைத்தானே செய்தேன். மருமகள் வேறு மொழிக்காரி. அவள் பெயர் தொண்டைக்கு அடியிலிருந்து கிளம்பும். எனக்கு இருமல்தான் வந்தது. கல்யாணத்தன்றே ‘ராணி’ ஆக்கிவிட்டேன்.

மார்ச் 9
சாவியை மறந்துவிட்டு வெளியே போய், கொட்டும் மழையில் வாசலில் நின்றேன். மருமகள் கைபேசியை எடுக்காததால், அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு, “ராணி இருக்காளா?” என்றேன். அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

அவள் வந்ததும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க அத்தை. அங்க நான் இருக்கேன். ராணிதான் இல்ல.”

சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்தபடி, “தனியா வீடு பார்க்கலாம்னு இருக்கோம்மா” என்றான்.

இதற்கா? ஒரு பெயருக்கா?

மார்ச் 10
செல்லமாகத்தானே கூப்பிட்டேன் — யாருக்குச் செல்லம்? எனக்கு.

மார்ச் 17
இன்று ராகாப். எரிகோ ஊர்க்காரி, வேற்றினத்தாள், இந்த வம்சத்துக்குள் வாழ வந்தவள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அவள் ‘ராஆப்’. தொண்டை எழுத்து போயே போச்சு. மத்தேயுவில் அதே பெயர் ‘ராக்காப்’! எங்கள் அலுவலகப் பதிப்பாசிரியரிடம் ஓடினேன்.

“ஆமாம்மா, அங்க விட்டுட்டாங்க, இங்க எழுதியிருக்காங்க. ஏன்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

எபிரெய ஒலி அப்படியே வரவில்லைதான். ஆனால் யாரோ முயன்றிருக்கிறார். நான் முயலக்கூட இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “உன் பேரை எனக்குச் சொல்லிக் குடும்மா.”

“இப்ப எதுக்கு அத்தை?”

“எனக்கு வேணும்.”

அவள் என் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். உள்ளே அதிர்ந்தது. நான் சொன்னேன். மகன் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தான்: “என்னம்மா, புரை ஏறிடுச்சா?”

அவள் சிரித்துவிட்டாள்.

மார்ச் 29
அவள் பெயர் வாயில் வந்துவிட்டது! துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள். “என்ன அத்தை?”

ஒன்றுமில்லை. சும்மா.

ஏப்ரல் 15
வீடு பார்க்கும் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

மே 12
அவளுடைய அம்மா வந்திருக்கிறார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். என் பெயரில் இருக்கும் ‘ழ’ அவரைப் படாத பாடு படுத்துகிறது. நாக்கை எங்கே மடிப்பது என்று மருமகள் காட்டிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“சும்மா இருங்க அத்தை” என்றாள். “அம்மாவுக்கு வந்துடும்.”