பதில் ஆள் கிடையாது

12 ஜூன் 1978

மழை. சந்தனமாரி இன்று பேசவில்லை. மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவள், நாலாவதாக நம் வீட்டுப் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “என்ன தலைவி, மௌன விரதமா?” என்றேன். பெண்டாட்டியைக் கேலி செய்யாமல் எனக்கு சாயா இறங்காது. அவள் கரிக்கையால் அடுத்த வீட்டுச் சுவரைக் காட்டினாள். அங்கே காமாக்ஷி அழுதுகொண்டிருந்தாள்.

மிளகுத் தரகர் வெங்கிடாசலம் வீட்டில் காமாக்ஷிக்கு வேலை. மட்டாஞ்சேரியில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தான். வேலைக்காரி வர முடியாவிட்டால் பதில் ஆள் அனுப்ப வேண்டும். காய்ச்சல் வந்ததும் இவள் தன் நாத்தனார் பாக்கியலக்ஷ்மியை அனுப்பினாள். காய்ச்சல் விட்டுத் திரும்பிப் போனால், “இவளே இருக்கட்டும்” என்றுவிட்டாளாம் அந்த வீட்டு மாமி.

15 ஜூன்

சந்தனமாரி சந்தில் உள்ள வீடெல்லாம் ஏறி இறங்கினாள். “இனி யாரும் பதில் ஆளாப் போகக்கூடாது. நமக்கு முடியலைன்னா அவங்க தட்டை அவங்களே கழுவட்டும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் கூட்டத்துக்கு வந்தது மூன்று பேர்.

“மூணு பேரா! போலீசு வந்து கலைக்கணுமே,” என்றேன்.

“நீங்க அரிசி மூட்டை தூக்கினப்ப, சுமட்டு யூனியன் ஆரம்பிக்க எத்தனை பேரு வந்தீங்க?”

“நாலு.”

“ஒண்ணுதானே குறைச்சல்.”

3 ஆகஸ்ட்

சந்தனமாரி போட்டில் எறணாகுளம் போய், வீட்டு வேலைக்காரிக்குச் சட்டம் ஏதும் இல்லையா என்று தொழிலாளர் ஆபீசில் கேட்டாளாம். “வீடு ஃபாக்டரி அல்லல்லோ, சேச்சி”, வீடு ஃபாக்டரி இல்லையே அக்கா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் போவாளாம். போட்டுக்காரன் பிழைத்தான்.

20 ஜனவரி 1979

ஒரு வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கூட்டுகிறாளாம். சோறு இறங்கவில்லை — எனக்கு. அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

10 செப்டம்பர்

பாக்கியலக்ஷ்மி வந்தாள், நிறைமாத வயிற்றோடு. உள்ளே இருந்த காமாக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, நான் பிரசவத்துக்குப் படுத்தா என் இடமும் போயிரும்ல?”

நானாக இருந்தால் ரெண்டு வார்த்தையாவது குத்தியிருப்பேன். சந்தனமாரி, “உக்காரு, சாயா குடி” என்றாள். அவ்வளவுதான்.

2 அக்டோபர்

பாக்கியத்துக்குப் பெண் குழந்தை. பதில் ஆளாக யாரும் போகவில்லை.

9 அக்டோபர்

மாமியே சந்துக்குள் வந்துவிட்டாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நேரே காமாக்ஷி வாசலுக்கு.

“அடியே, உன் பழைய எடம்தானே. நாளைக்கே வந்துடு.”

போவாள் என்றுதான் நினைத்தேன். புருஷனுக்கு வேலை இல்லை, நேற்று அடுப்பே பற்ற வைக்கலை. போனா யாரு அவளைக் குத்தம் சொல்லுவா? நான் சொல்லுவேனா?

காமாக்ஷி சொன்னாள்: “அது இப்ப பாக்கியத்தோட இடம், மாமி. அவ எழுந்து வருவா.”

சுவருக்கு இந்தப் பக்கம் சந்தனமாரி கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

17 நவம்பர்

பாக்கியம் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

6 ஜூலை 1981

சந்தனமாரிக்கு ரொம்ப மூச்சு முட்டுகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அவள் வேலைக்குப் போகவே முடியாது என்றார். வேலை செய்யும் வீட்டிலிருந்து ஆள் வந்தது. “எத்தனை நாளானாலும் தேறி வரட்டும், இடம் அவளுக்குத்தான்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

7 ஜூலை

காமாக்ஷியும் பாக்கியமும் சேர்ந்து வந்து நம் வீட்டுப் பாத்திரத்தில் கை வைத்தார்கள். “போங்க, போங்க! இந்த வீட்டிலயும் பதில் ஆள் கிடையாது” என்று விரட்டிவிட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக நானே உட்கார்ந்தேன். தேய்த்த பானையைக் கொண்டுபோய்ப் படுக்கையருகே காட்டினேன்.

“அடியில கரி இருக்கு.”

“வேலையை விட்டு நிறுத்திருவியா?”

“நிறுத்தினா உங்க இடத்துக்கு யாரு வருவா?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

பானையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போனேன்.