துவைக்காத சட்டை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டபடி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். போனில் முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லச் சொல்லிக் கிள்ளுகிறாள். தங்கைப் பாப்பா பட்டாணி அழுதது தெரிந்தால் நீங்கள் கிரேன் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நிற்பீர்களாம். அப்புறம் துறைமுகத்தில் உங்கள் இடம் வேறு யாருக்கோ போய்விடுமாம்.

பட்டாணி அழுதாள். லீவு என்பதால் நானும் குழந்தைகள் காப்பகத்தில் கூடவே உட்கார்ந்து, கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். திங்கள் ஐம்பத்திரண்டு நிமிடம். செவ்வாய் ஒரு மணி நேரத்துக்கு மேல். பாலும் குடிக்கவில்லை. காப்பக ஆன்ட்டி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி, “அம்மா கிரேன் ஓட்டுறாங்க, பொண்ணு சைரன் ஊதுறா” என்றார்.

காரணம் அம்மாதான். பட்டாணியின் பக்கத்தில் வைக்கச் சொல்லி நீங்கள் கழற்றிக் கொடுத்த சட்டையை, பச்சைப் பிள்ளைக்கு அழுக்குத் துணியா என்று துவைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டாள். பட்டாணி ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தூக்கி எறிந்தாள்.

புதன்கிழமை, நீங்கள் தலையில் கட்டும் நீலத் துணி கதவுக்குப் பின்னால் தொங்குவதைக் கண்டுபிடித்தேன். அதை மூக்கில் வைத்துக்கொண்டு முழுப் பாலையும் குடித்தாள், சித்தி. நாற்பது நிமிடம் தூங்கினாள். இன்று, வெள்ளிக்கிழமை, போகும்போது ஆன்ட்டியிடம் அவளாகவே கையை நீட்டினாள். அம்மா வாளியோடு துணியைத் தேடுகிறாள். அது என் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்று. காப்பகத்துக்கு வரும் ஒரு அம்மா, இவளைக் கூட்டிப்போக அப்பா எப்போது வருவார் என்று கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன்: “எங்க சித்தி நல்லா யோசிச்சுத் தனியாவே பெத்துக்கிட்டாங்க. வீட்டுல அப்பா கிடையாது, நாங்க இருக்கோம்.” அவர் தன் பிள்ளையின் செருப்பைக் கழற்றி வைத்தார். பிறகு, “அப்ப சாயங்காலம் மழை வந்தா எங்க வண்டியில வாங்க” என்றார்.

தண்ணீர் நிரம்பிய பீப்பாயைச் சிந்தாமல் கிரேனால் தூக்கி வைப்பதுதான் கடைசித் தேர்வு என்று எழுதியிருந்தீர்கள். தூங்குகிற பட்டாணியைத் தொட்டிலில் போடும்போது நீங்கள் ஒரு நாளும் அவளை எழுப்பியதில்லை. அப்படியே செய்யுங்கள்.

ஒரு கவலை உண்டு. துணியில் வாசனை குறைந்துகொண்டே வருகிறது; தினமும் நானே முகர்ந்து பார்க்கிறேன். உங்கள் பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்காக நீங்கள் வர வேண்டாம், சித்தி. பயிற்சியில் வியர்த்த சட்டை ஒன்றை அப்படியே மடித்து அனுப்புங்கள். தயவுசெய்து துவைக்காதீர்கள். என் பெயருக்கே அனுப்புங்கள். அம்மா பிரித்தால் நேரே வாளிதான்.

உங்கள் கை நடுங்காமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மூத்த மகள்.

பி.கு.: காப்பகத்தில் மதியம் மணி ஒன்று. பிள்ளைகள் தூங்க, ஆன்ட்டி விளக்குகளை அணைத்துவிட்டார். யாரும் அழவில்லை.