துவைக்காத பாதி

அக்கா,

ஈரப் பனியன் துணியின் வாசம் இன்னும் என் விரலில் இருக்கிறது. காலையில், தையல் லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் செல்வி ஒரு துண்டுத் துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் துவைத்து, அரைகுறையாகக் காயவைத்து எடுத்துவந்து, சாயம் போகவில்லை என்றாள். துவைக்காத பாதி எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாளாம். "அப்புறம் எதோட வெச்சுப் பாத்துப் போகலைங்கறீங்க?" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் உறைத்தது, அது உங்கள் கேள்வி.

இதே நல்லூர் பனியன் கம்பெனியில் ஒரே செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷம் எதிரெதிரே இருந்தோம். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம், நான் கொங்குப் பக்கத்துக் குண்டடத்துக்காரி. என் 'ங்க'வைக் கேட்டு, "கலெக்டர்ட்ட பேசுத மாதிரில்லா பேசுத" என்று கேலி செய்வீர்கள்.

உங்களுக்குச் சர்க்கரை, எனக்கு முட்டிவலி. யாரோ சொன்ன வைத்தியரிடம் பொடி வாங்கித் தின்றேன், வலி போனது. அவ்வளவுதான், ஊரையே குணப்படுத்தக் கிளம்பிவிட்டேன். உங்களுக்கும் ஒரு டப்பா வாங்கிவந்து நீட்டினேன். நீங்கள் கை நீட்டவில்லை. "நின்னுட்டே கெடந்த நமக்கு ஸ்டூல் போட்டதும் அந்த மாசந்தானட்டி? உன் முட்டி பொடியில சரியாச்சா, உக்காந்ததுல சரியாச்சா? எதோட வச்சுப் பாத்த?"

சுருக்கென்றது. பதில் இல்லாதவள் வாயை மூட வேண்டியதுதானே, நான் மூடவில்லை. ஆயிரம் வருஷத்து மருந்து என்றேன். பச்சிலைதானே, என்ன கெடுதல் செய்துவிடும் என்றேன். அரளியும் பச்சிலைதான் என்றீர்கள். கடைசியில் ஒன்று கேட்டேன்: "எட்டு வருசமா மாத்திரை திங்கறீங்க, சக்கரை போச்சுங்களாக்கா?"

அது வாதமே இல்லை. மாத்திரை சர்க்கரையைக் கட்டி வைக்கத்தான், விரட்ட இல்லை. ஆனால் எட்டு வருஷச் சலிப்பில் கை வைத்தேன், பலித்தது. ஒரு வாரம் கழித்து, "நீ இவ்வளவு தூரம் சொல்லுதியேன்னுதான்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்தினீர்கள்.

முதல் மாதம் தெம்பாக இருக்கிறது என்றீர்கள். அதை டேபிள் டேபிளாகப் போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. பழையபடி மாத்திரையைப் போடுங்கள் என்று உங்களிடமும் சொல்லவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "நானாத்தான் விட்டேன் சார்" என்றீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

இதுவரைக்கும் அறியாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். சாவு வீட்டில் செய்ததற்கு அந்தப் பெயரும் கிடையாது. அந்தப் பொடியைத்தானே சாப்பிட்டாள் என்று யாரோ ஒரு அம்மா கேட்டதும் என் வாயில் வந்தது, "பத்தியம் சரியா இருக்கலீங்க." கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எவ்வளவு வசதியான பேச்சு பாருங்கள். குணமானால் பொடியால், ஆகாவிட்டால் நோயாளியால். தையல் பிரிந்த பனியனுக்குப் போட்டவரைக் குறை சொன்னால் துணி வாங்குகிற எந்த பையர் ஏற்றுக்கொள்வார்? துணிக்கு இருந்த புத்தி எனக்கு உங்கள் உயிருக்கு இல்லாமல் போய்விட்டது.

இன்று மதியம் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையாம், அந்தப் பொடியைப் பற்றி எனக்குத் தெரியும் என்றார்களாம். "அவர மாத்திரைய நிறுத்த உடாதீங்க. நான் ஒருத்தர நிறுத்த வெச்சேன், அவங்க இப்ப இல்லைங்க" என்றேன்.

அவள் கேட்டாள்: "அந்தக்கா பத்தியம் இருக்கலைன்னு இங்க எல்லாரும் சொன்னாங்களே?"

உங்களைப் பார்த்தே இராதவள் அவள். உங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான், அதுவும் நான் சொன்ன பொய். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத நீங்கள் இரண்டு மாதம் புளியையும் கருவாட்டையும் தொடாமல், உப்புச்சப்பில்லாத கூட்டைப் பிசைந்து தின்றதை எதிரில் உட்கார்ந்து தினமும் பார்த்தவள் நான்.

"இருந்தாங்க" என்றேன். "ஒரு நாள் உடாம இருந்தாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

இன்னும் எத்தனை டேபிளில் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையில் முதல் டேபிளிலிருந்து ஆரம்பிக்கிறேன், அக்கா.