காது மிஷினில் வந்த உன் குரல்

அன்பு மகன் ஹரீஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி நவீனும் அவன் பெண்டாட்டி மேகலாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். கனடா குளிரில் நீயும் அப்படியே இருக்க சந்திரசூடேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ ஏதாவது சமாதானம் சொல்வாய், நானும் தலையாட்டிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய காது மிஷின் வந்தது. என்னுடையது பட்டன் போன் என்பதால் நவீன் தன் போனிலேயே ப்ளூடூத் போட்டு மிஷினைச் சேர்த்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தான். நாலு வருஷம் கழித்து மாடு அசைபோடுவது கேட்டது. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை விரட்டப் போடும் வெடியும் கேட்டது. என் பெரியவனுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று பக்கத்துத் தெரு வெங்கடம்மா வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்தத் தெருவில் நடக்கவே கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் நவீனுக்கு உன் போன் வந்தது. மிஷின் அவன் போனோடு சேர்ந்தே இருந்ததால் உன் பேச்சு அவனுக்குப் போகவில்லை, என் காதுக்குள் வந்துவிட்டது. அவன் "அலோ, ஒண்ணுமே கேக்கலண்ணா" என்று கத்தியது உனக்கு எட்டவில்லை போலிருக்கிறது. நீ என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து நான் சந்தோஷமாகக் கை கழுவ ஓடினேன். நீ சொன்னாய், "போன தடவ காது கேக்கலைன்னுதானே ரிஜிஸ்டர் ஆபீசுல பத்திரத்தத் திருப்பிட்டாங்க. இப்பதான் மிஷின் வந்திருச்சில்ல. சம்மதமான்னு கேட்டா ஆமான்னு சொல்ல வெச்சிரு. விக்கறோம்னு அம்மாகிட்ட மூச்சு விடாத, பட்டாவுல பேர் திருத்தம்னே சொல்லு."

அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. நீ அவனிடம் மறுபடி பேசியிருப்பாய் போல, திங்கட்கிழமை நவீன் பட்டாவில் பேர் திருத்தம் என்று கூப்பிட்டதும் புடவை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினேன். அங்கே அதிகாரி, "அம்மா, கிணத்துமேட்டு நிலத்த விக்கறீங்க, சம்மதங்களா?" என்று கேட்டார். "நல்லாக் கேக்குதுங்க சார், எனக்குச் சம்மதமில்ல" என்றேன். நிலத்தை வாங்க வந்திருந்த லேஅவுட்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நவீன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தனியாகவே பஸ் ஏறி வந்தேன். இன்றோடு நாலு நாள், அவன் என்னிடம் பேசவில்லை. மேகலா மட்டும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

உன் அப்பா சாகும் முன் என் பேருக்கு எழுதி வைத்த நிலம் அது. அம்மா, எனக்குத் தேவையிருக்கிறது, விற்றுக் கொடு என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் ஹரீஷ். அதுதான் எனக்கு ஆறவில்லை. மேகலாவிடம் சொல்லி நவீன் போனிலிருந்து மிஷினைப் பிரித்துவிட்டேன். திருப்பி அனுப்ப மாட்டேன், அது இனி என்னிடமே இருக்கட்டும்.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வரும்போது கத்திப் பேச வேண்டாம், மெதுவாகச் சொன்னாலே எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சம்பங்கி